இரண்டாவது சாட்சி

இரண்டு படங்களிலும் அந்த ஒளிப்புள்ளி நிலவின் ஒரே இடத்தில் இருந்தது.

எவரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். புள்ளி போகவில்லை.

நிலவில் விசித்திரமான வெளிச்சம் கண்டதாக அரிசோனா முழுவதிலிருந்தும் ஆர்வலர்கள் படம் அனுப்புவார்கள். அவற்றைச் சோதித்து, மெய்யா பொய்யா என்று சங்கத்தின் இதழில் எழுதுவது அவர் பொறுப்பு. இத்தனை வருடங்களில் ஒன்றைக்கூட மெய்யென்று எழுதியதில்லை. லென்ஸில் தூசி, குறுக்கே போன விமானம், ஏதாவது அகப்பட்டுவிடும். சங்கத்தில் அவருக்கு ‘நிலாவின் மாமியார்’ என்று பெயர்.

அதிகம் அடிபட்டவர் ப்ரெஸ்காட் ஊர்ப் பல் மருத்துவர் ரோலண்ட். பழைய நண்பர்தான். “ரோலண்ட், நீ பல்லைப் பாரு. நிலாவை நான் பாத்துக்கறேன்” என்று எவரெட் ஒரு கூட்டத்தில் சொல்ல, கூடமே சிரித்தது. ரோலண்டும் சிரித்தார்.

எவரெட்டின் மனைவி மார்லா மட்டும் சிரிக்கவில்லை.

முதல் படம் ரோலண்டுடையது. அது மட்டும் வந்திருந்தால் எவரெட் இவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்.

இரண்டாவது, மார்லா எடுத்தது. போன வாரம் ஃப்ளாக்ஸ்டாஃபில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, எவரெட் வாங்கிக் கொடுத்திருந்த சிறிய தொலைநோக்கியில் எடுத்தாளாம். காலையில் காப்பியோடு, கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தாள்.

ரோலண்ட் எடுத்த அதே மாலை. வேறு ஊர், வேறு தொலைநோக்கி. இருவர் தனித்தனியே கண்டது தூசியாக இருக்க முடியாது.

இந்த ஒன்றுக்காகத்தான் அவர் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தார். அதுவும் நிலவை ஏறெடுத்துப் பார்க்காத மார்லாவின் கையால் வந்திருக்கிறது. எழுந்து சமையலறைக்குப் போய் அவள் நெற்றியில் முத்தமிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து, வழக்கம்போலப் படங்களைத் திரையில் பெரிதாக்கினார்.

ரோலண்டின் படத்தில், ஓர் ஓரமாகத் தூசுத் துகள்கள் சில. அவற்றுக்கு நடுவே, வளைந்து கிடக்கும் ஒரு மயிரிழை.

மார்லாவின் படத்திலும் அதே ஓரத்தில் அதே துகள்கள். அதே மயிரிழை.

இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தவை. புள்ளி, அந்தக் கேமராவின் கண்ணாடிக்குள் தெறித்த வெளிச்சம். அவ்வளவுதான்.

பொய் அகப்பட்டதும் எப்போதும் வரும் திருப்தி இப்போதும் வந்தது. அந்தக் கேமரா அன்று மாலை எந்த ஊரில் இருந்தது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

படத்தை ரோலண்டே அவளுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஃப்ளாக்ஸ்டாஃபுக்குப் போன் செய்தார். மார்லாவின் அக்கா அவர் குரலைக் கேட்டதில் மகிழ்ந்துபோனாள். ஈஸ்டருக்கு வந்துபோனதோடு சரி, மாதக்கணக்கில் தங்கை இந்தப் பக்கமே வருவதில்லை, ஒருமுறை அழைத்து வரக்கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டாள். அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

இதழுக்கு எழுத வேண்டியது ஒரே வரி. சாட்சிகள் இருவரும் அன்று மாலை ஒரே இடத்தில் இருந்தவர்கள், தள்ளுபடி. காரணம் எழுதாமல் அவர் யாரையும் தள்ளியதில்லை. காரணத்தைச் சங்கம் முழுவதும் படிக்கும்.

விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டார்.

பிறகு அடித்தார். இரண்டு ஊர்கள், இரண்டு தொலைநோக்கிகள். மெய்.

மார்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அந்தச் சொல்லைப் படித்தாள்.

“பெரிசாக்கிப் பாத்தியா, எவரெட்?”

“இல்ல. நீ எடுத்த படத்துக்கு அதெல்லாம் எதுக்கு?”

அவள் அவர் தோளை ஒருமுறை அழுத்தினாள். ரோலண்ட் பாவம், எவ்வளவு காலமாகக் காத்திருக்கிற மனிதர், நானே சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

போகும்போது கதவைச் சாத்திக்கொண்டாள்.