அண்ணாமலையாருக்கு அனல் ஆகாது

"இந்தச் செவுத்துல மட்டும் அவுட்டோர் யூனிட்டை மாட்ட மாட்டேங்க. நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க!"

மேற்கு ஜன்னலின் கம்பியைப் பிடித்தபடி சொன்னான் ஏசி மெக்கானிக் வேடியப்பன்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அந்த மாடி வீட்டுக்குச் சொந்தக்காரரான கோதண்டராமனுக்கு வியர்த்துக் கொட்டியது. கத்திரி வெயில் ஒரு காரணம். பிரசவத்துக்காக மறுநாள் காலை வரப்போகும் மகள் அபிநயா இன்னொரு காரணம். "ரூம்ல ஏசி இல்லன்னா வந்த கார்லயே திரும்பிப் போயிடுவேன்பா" என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"என்னப்பா பிரச்னை?"

"வெளிய பாருங்க சார். நேரா மலை. அவுட்டோர் யூனிட் என்ன பண்ணும்? ரூம்ல இருக்கற சூட்டையெல்லாம் இழுத்து வெளிய ஊதும். யார் மேல ஊதும்? அண்ணாமலையார் மேல!"

கோதண்டராமன் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர் அவர். இத்தனை தடவை சுற்றியும் தனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி வள்ளிக்கு அப்படி எந்த வெட்கமும் இல்லை.

"தெரு முழுக்க மலையைப் பாத்துதானே வெச்சிருக்காங்க?"

"அதெல்லாம் நான் மாட்டலீங்கம்மா."

"அவரே நெருப்பு. நம்ம ஏசி சூடு அவருக்கு எந்த மூலைக்கு?"

"ஏற்கெனவே நெருப்பா இருக்கறவருக்கு நாம வேற சூடு ஏத்தணுமாம்மா?"

வள்ளிக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இப்படி ஒரு காட்சியைக் கோதண்டராமன் பார்த்ததே இல்லை. அதனாலேயே வேடியப்பன் மேல் அவருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

வள்ளி சீக்கிரமே சுதாரித்துக்கொண்டாள். "மலை எங்கயோ இருக்கு. அங்க போறதுக்குள்ள காத்து ஆறிடும். நல்லா எட்டிப் பாருப்பா, சன்ஷேடு எவ்ளோ அகலமா இருக்கு! ரெண்டு ஸ்டாண்டு அடிச்சா வேலை முடிஞ்சுது."

வேடியப்பன் கம்பியில் நெற்றியை வைத்து எட்டிப் பார்த்தான். அடுத்த நொடியே கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். உடம்பெல்லாம் நடுங்கியது. "அருணாசலா... அருணாசலா..." என்று உதடுகள் முணுமுணுத்தன.

கோதண்டராமன் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா வள்ளி, எப்படி உருகறான்! நாமளும்தான் தினம் பாக்கறோம், காபியைக் குடிச்சிக்கிட்டு!"

"அப்ப பொண்ணு வேர்வையில கெடக்கணுமா?"

"ஐயய்யோ, இல்லீங்கம்மா" என்று கண்ணைத் திறந்தான் வேடியப்பன். "கிழக்கால பால்கனி இருக்கே. தரையிலயே யூனிட்டை வெச்சிடறேன். பைப்பு கொஞ்சம் ஜாஸ்தி ஆவும். ஹாலைச் சுத்திக் கொண்டு போயிடலாம்."

"அவ்ளோ தூரம் போனா கூலிங் கம்மியாவுமே?"

"புண்ணியம் ஜாஸ்தியாவும்மா."

கோதண்டராமன் உடனே தலையாட்டிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. படுக்கையறையில் கிளம்பிய பைப்பு, சோபாவுக்குப் பின்னால் புகுந்து, டிவிக்குக் கீழே போய், ஃபிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் சேர்ந்தது. வாசற்படியில் அதைத் தாண்டித் தாண்டி நடந்த வள்ளி, முணுமுணுத்துக்கொண்டே காபி கொடுத்தாள். அறை என்னவோ ஜில்லென்றுதான் ஆகியிருந்தது. வீடியோ காலில் பார்த்த அபிநயாவும், "காலையில வந்துடறேன்பா" என்று சிரித்தாள்.

வேடியப்பன் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கோதண்டராமன் வழியை மறித்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"வேடியப்பா, எங்க தெரு முருகன் கோயிலுக்கு அஞ்சு நிலைக் கோபுரம் கட்டியிருக்கோம். வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். உச்சியில கலசத்தைச் சுத்தி சீரியல் லைட்டு போடணும். பக்தி இல்லாதவன் கால் அங்க படக்கூடாதுன்னு, கமிட்டித் தலைவரா நான் இதுவரைக்கும் ஒருத்தனையும் ஏத்தல. இன்னிக்கு உன்னைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன். எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். சாரம் தயாரா இருக்கு, எல்லாரும் மாலையோட காத்துக்கிட்டிருக்காங்க. வா, இப்பவே ஒரு தடவை மேல ஏறிப் பாத்துட்டு வந்துடு!"

வேடியப்பனின் கண்கள் மறுபடியும் இறுக மூடிக்கொண்டன. உடம்பு நடுங்கியது.

"பாத்தியா வள்ளி, கோபுரம்னு சொன்னதுக்கே பரவசம் வந்துடுச்சு!" என்று கைகூப்பினார் கோதண்டராமன்.

ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறினாலே தலை சுற்றும் என்பதை, தொழிலுக்கு வந்த ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் சமாளித்து வந்த வேடியப்பன், அன்றைக்குத்தான் முதல் முறையாக மனசார வேண்டினான்: "அண்ணாமலையாரே, என்னைக் காப்பாத்துப்பா!"