பத்து வயது குறைந்த ஜெயபாலன்

“பிறந்த வருஷத்தைப் பத்து தள்ளிப் போட்டா, பென்சன் மாசம் தொண்ணூத்து நாலு வெள்ளி! கணக்கு எப்படி வருது பாரு, சந்திரமதி!”

காஜா பேராங் வாடகை வீட்டில் ஜெயபாலன் பென்சிலைக் கீழே வைத்தார். ஒவ்வொரு வருஷ வேலைக்கும் மாதம் இரண்டு வெள்ளி பென்சன் என்பது அவருடைய ரப்பர் கம்பெனியின் சட்டம். ஐம்பத்தைந்து வயதானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு அது அடுத்த மாதம். முப்பத்தேழு வருஷத்துக்கு எழுபத்து நாலு வெள்ளிதான் தேறும். அது போதாது. உஜோங் பாசிரில் இருக்கும் மருமகனிடம்தான் கையேந்த வேண்டும். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே ஜெயபாலனுக்குப் பிடிக்காது.

“மூட்டு வலியில படி ஏற முடியல. இன்னும் பத்து வருஷம் ஸ்டோர்ல நிக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

“மருமகன் வாசல்ல நிக்கிறதுக்கு அது மேல். தோட்டத்துல பொறந்தவனுக்கு ஏது பொறப்பு சூராட், சர்டிபிகேட்டு எல்லாம்? கணக்கெழுதுற கிராணி மூஞ்சியப் பார்த்து எழுதின வயசுதானே! நாடே போன மாசம்தான் சுதந்திரம் வாங்கிப் புதுசாப் பொறந்திருக்கு. நான் பத்து வருஷம் பிந்திப் பொறந்தா யாருக்கு என்ன?”

“அப்போ நம்ம மூத்தவ பொறந்தப்போ உங்களுக்கு வயசு பன்னிரண்டு!”

“அதை யாரு கேக்கப் போறா?”

மறுநாள் மீசைக்கு மை பூசிக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு போய்ச் சத்தியப் பத்திரம் எழுதினார். சாட்சிகளில் ஒருவர் பக்கத்து வீட்டு நல்லையா. இத்தனை காலம் ஜெயபாலனை ‘அண்ணே’ என்றவர்.

“பத்திரப்படி நான்தான் பெரியவன். இனிமே நீதான்டா என்னை அண்ணேன்னு கூப்பிடணும்!” என்றார் நல்லையா.

மாதம் கூடுதலாக வரப்போகும் இருபது வெள்ளிக்காக அதையும் பொறுத்துக்கொண்டார் ஜெயபாலன்.

ஒரு வாரம் கழித்து, கம்பெனி கிராணி சேதுராமன் கூப்பிட்டனுப்பினார்.

“சந்தோஷமான சமாசாரம். துரை உங்க பத்திரத்தை ஒத்துக்கிட்டார். இன்னும் பத்து வருஷம் நீங்க வேலை செய்யலாம்.”

மூட்டு வலியை மறந்து ஜெயபாலன் துள்ளினார். “நெசமாவா? பென்சன் தொண்ணூத்து நாலுதானே?”

“இருங்க. பதினெட்டு வயசுக்கு முந்திச் செஞ்ச வேலை பென்சனுக்குச் சேராது. இந்தப் பத்திரப்படி, நீங்க இங்க வேலைக்குச் சேர்ந்தப்போ உங்களுக்கு வயசு எட்டு.”

சேதுராமன் அவருடைய முதல் பத்து வருஷத்தைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, கடைசியில் புதிதாகப் பத்து வருஷத்தைச் சேர்த்து, நிதானமாகக் கூட்டினார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழுல வீட்டுக்குப் போகலாம். பென்சன், மாசம் எழுபத்து நாலு வெள்ளி.”