மாஸ்டரின் ரெறியர்

சிவராசா மாஸ்டர் நாயின் நெற்றியில் மூன்றாம் தரமும் கொஞ்சிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வீட்டுக்காரி புனிதத்தின் மடியில் வைத்தார். பெற்ற பிள்ளையைக் கொடுக்கிறவர்கூட அப்படிக் கலங்கியிருக்க மாட்டார். வெள்ளை நிறம், ஒரு காது மட்டும் கபிலம், கண்ணை மறைக்கிற மயிர். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

மாஸ்டருக்கு வவுனியாவில் பல்லுக் கட்ட வேண்டுமாம். வன்னியை விட்டு வெளியே போக இயக்கம் கொடுக்கிற ஒரு மாதப் பாஸ் வேண்டும், பாஸுக்கு ஒரு பிணை வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவன்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் பாஸ் கிடையாது. புனிதத்துக்கோ வவுனியா ஆசுப்பத்திரியில் கண் ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருந்தது.

அதனால்தான் அவள் புருசன் லோறன்ஸ் இரண்டு கிழமையாக மாஸ்டரைக் கண்டால் வள்ளத்துக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தான். கடற்கரைக்கு மீன் வாங்க வருகிறவர் என்பதைத் தவிர அவனுக்கு மாஸ்டரைப் பற்றி என்ன தெரியும்? இன்றைக்கு அவர் நாயோடு வீட்டுக்கே வந்துவிட்டார். புதுக்குடியிருப்புப் பாஸ் கந்தோருக்கு நாலு தரம் அலைந்தாராம், பிணை இல்லாமல் ஏலாது என்றுவிட்டார்களாம். நாயை இவ்வளவு காலமும் அறைக்குள்ளேயே வைத்து வளர்த்தாராம்.

"எனக்கெண்டு இருக்கிற ஒரே சீவனை உங்களிட்டை விட்டிட்டுப் போறன், லோறன்ஸ். இதைவிட வேறை என்ன பிணை வேணும்?"

சொன்னதோடு நிற்கவில்லை. கொப்பித் தாளில் இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதிய கடுதாசி ஒன்றையும் நீட்டினார். மேலே 'ரெறியர் சாதி நாய் வளர்க்க முன்னம் அறிய வேண்டியவை' என்று தலைப்பு வேறு.

ஆள் சின்னனென்று ஏமாறக்கூடாது, தன்னைப் புலியென்றுதான் அது நினைக்கும், மாட்டோடும் சண்டைக்குப் போகும். மண்ணைக் கண்டால் கிண்டும், எலியைக் கண்டால் விடாது. தனிய விட்டால் ஊளையிடும். முள்ளும் உறைப்பும் ஆகாது, கிழமைக்கு ஒருக்கால் மயிரை இழுத்துவிட வேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: 'றோட்டில் கொண்டு திரியவேண்டாம். சாதி நாய், களவெடுத்துப்போடுவார்கள்.'

லோறன்ஸ் மாஸ்டர் சொன்ன பெயரில் "றெக்ஸ்" என்று கூப்பிட்டுப் பார்த்தான். நாய் புனிதத்தின் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. ரெறியரின் குணமே அதுதான், சரியான பிடிவாதம், மனம் வைத்தால்தான் திரும்பும் என்றார் மாஸ்டர். கடுதாசியிலும் அது ஏழாவதாக இருந்தது.

புனிதம் புருசனைக் குசினிக்குள் கூப்பிட்டு, இந்த மனிசன் போனால் வராது என்றாள். லோறன்ஸ் கேட்கவில்லை.

"நாய்க்கு ரெண்டு பக்கம் எழுதின மனிசன் அதை விட்டிட்டு ஓடுவாரோ? விசர்க்கதை கதையாதை."

பிணைக்குக் கையெழுத்து வைத்தான். மாஸ்டர் அடுத்த நாளே போய்விட்டார்.

கடுதாசியில் இருந்ததெல்லாம் ஒன்றும் பிசகாமல் நடந்தது. முதல் கிழமையே பங்கர் வாசலைக் கிண்டி மண்மூடை இரண்டைச் சரித்தது. பக்கத்து வீட்டு மாட்டின் வாலில் தொங்கியது. ஆனால் வலையைக் கடித்துத் துளைத்த எலிகளில் பதினொன்றை முடித்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று நின்ற புனிதம்தான் பாரை மீனில் முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். றெக்ஸ் என்று கூப்பிட்டால் மட்டும் ஒருநாளும் திரும்பவில்லை. அந்தப் பிடிவாதமும் அவர்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முப்பது நாள் போனது. முப்பத்தைந்தும் போனது. மாஸ்டர் இந்நேரம் கனடாவில் புதுப்பல்லோடு இறைச்சி கடிப்பார் என்று கடற்கரையில் பகிடி பண்ணினார்கள். லோறன்ஸ் அசையவில்லை. நாய் இங்கே நிற்கிறது, மனிசன் எங்கே போய்விடும் என்றான்.

நாற்பதாம் நாள் பாஸ் கந்தோரிலிருந்து ஆள் வந்து, பிணைகாரனை வரச் சொல்லிவிட்டுப் போனது. புனிதம் அழத் தொடங்கினாள். அவளுடைய பாஸ் விண்ணப்பமும் அதே மேசையில்தான் கிடந்தது.

"ஏன் அழுகிறாய்? அத்தாட்சியைக் கையோடை கொண்டு போறன்" என்றான் லோறன்ஸ். மாஸ்டரின் கட்டளையில் அன்றைக்குத்தான் ஒன்றை மீறினான். நாயை மீன் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டி, கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிதித்தான்.

கந்தோரில் பொறுப்பாக இருந்தவர் தில்லைநாதன். நல்ல மனிசன்தான், ஆனால் அன்றைக்கு முகத்தில் சிரிப்பில்லை. புனிதத்தின் விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு, சிவராசா எங்கே என்று கேட்டார்.

லோறன்ஸ் கடுதாசியை விரித்து மேசையில் வைத்தான். இவ்வளவு பாசமான மனிசன் வராமல் விடமாட்டார், ஏதோ சுணக்கம் என்றான். நம்பாவிட்டால் அவருடைய நாயையே பாருங்கோ என்று பெட்டியைத் திறந்தான்.

றெக்ஸ் என்று அவன் வாய் திறக்க முன்னமே நாய் பாய்ந்துவிட்டது. மேசையில் ஏறி, விண்ணப்பத்தை மிதித்து, தில்லைநாதனின் மடியில் விழுந்து முகமெல்லாம் நக்கியது. அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்ததையும் கவனிக்காமல் "சீனி, சீனி" என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தரமும் நாய் காதை நிமிர்த்தித் திரும்பியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் லோறன்ஸை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வாசலிலை நிண்ட என்ர நாயை ஒண்டரை மாசமா ஒளிச்சு வைச்சிருந்தது நீரோ?"