மூன்றாவது உறை

"மிச்சக் கம்பியெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சீங்க? செல்லுங்க!"

பதில் கேட்டு அதட்டியபடி சார்ஜன்ட் பலீல் மூன்று காகித உறைகளை மேசையில் போட்டார். வெள்ளவத்தையில் தமிழ்ப் பெடியன் ஒருவனின் வாடகை அறை. பற்றரி, மீற்றர், நூலைவிட மெல்லிய கறுப்பு இழைகள். குண்டுக்காரன் என்று ஆளை அள்ளிக்கொண்டு போக வேறென்ன வேண்டும்? வாசலில் ஜீப் நின்றது.

சிவபாலனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கம்பியில்லை, சேர். படிகம். கம்பஸ் ஆய்வுகூட உலையில வளர்த்தது. என்ர ஆராய்ச்சி."

"இதுக்குள்ள என்ன ஆராய்ச்சி?"

"நல்லாக் குளிராக்கினா உள்ள இருக்கிற இலத்திரனெல்லாம் ஒரு அலையாச் சேர்ந்து இறுகி நிண்டிடும். கொஞ்ச வோல்ற்றேஜுக்கு அசையாது. ஒரு அளவு தாண்டினா முழுக்க வழுக்கி ஓடும். ஓடேக்க மின்னோட்டத்தில ஒரு இரைச்சல் வரும். அதைத்தான் அளக்கிறன்."

"எங்கட ஒபிஸ் பைல் மாதிரி," என்று சிரித்த பலீல், வீட்டுப் பதிவுத் தாளை விரித்தார். "இதில ரெண்டு பேர் ஈக்கி. பொஞ்சாதி எங்க?"

"மனிசி செத்திட்டா."

"எப்ப?"

"மூண்டு மாசம்."

பலீலின் சிரிப்பு நின்றது. சுவரில் தொங்கிய ஓகஸ்ற் கலண்டரைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"சரி தம்பி. கொப்பியில எழுதின அளவு மீற்றர்ல வந்தா நான் போறன். வராட்டி ஜீப்பில ஏறோணும்."

ஒவ்வொரு உறையிலும் ஒரு திகதி இருந்தது; கொப்பியின்படி, இழையை உலையிலிருந்து எடுத்த நாள். முதல் இழையில் மீற்றர் ஊசி துள்ளியது. கொப்பியில் அறை வெப்பநிலைக்கு எழுதியிருந்த அதே அளவு. இரண்டாவதும் சரி.

மூன்றாவது உறையைப் பலீலே பிரித்தார்.

"அதை விடுங்கோ, சேர்." சிவபாலனின் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

"ஏன்? இது மட்டும் நல்ல நீளம்!" பலீல் இழையின் இரு நுனிகளிலும் மீற்றர் முனைகளை வைத்து அழுத்தினார். ஊசி அசையவில்லை. கொப்பியைப் புரட்டினார், அந்தத் திகதியே அதில் இல்லை.

"மே இருபத்துமூண்டு. அது வெசாக் போயா, பௌர்ணமி லீவு எலவா? கம்பஸ் பூட்டு. உலையுமில்ல, ஒண்டுமில்ல." அவருடைய கை சிவபாலனின் தோளை இறுகப் பிடித்தது. "பொய் செல்லாதீங்க. இத எங்கயிருந்து எடுத்தீங்க?"

சிவபாலன் அந்த இழையை மெதுவாக அவரிடமிருந்து வாங்கி, சுருட்டி, உறைக்குள் வைத்தான்.

"மனிசியின்ர சீப்பில இருந்து, சேர்."