கண்ணாடி மெட்டு

முதல் பேஸைக் காலால் தொட ஓடிவந்த உள்ளூர் வீரனைப் பந்து முந்திவிட்டது என்று அங்கே நின்ற நடுவர் ஹால்வர்சன் அவுட் கொடுத்தார். அடுத்த நொடியே பேஸ்பால் அரங்கின் உச்சியிலிருந்து ஆர்கன் ஒலித்தது. ‘கண்ணாடி வாங்கிப் போடு’ என்று அரங்கமே பாடும் கேலி மெட்டு அது.

நடுவர் மேலே விரலை நீட்டினார். ஆர்கன் வாசித்த வெர்னாவையே ஆட்டத்தைவிட்டு வெளியேற்றினார்.

அரங்க மேலாளர் டுவைட் ஓடிவந்தார். “மன்னிப்புக் கேட்டுடு வெர்னா. இருபத்தாறு வருஷ வேலை போயிடும்.”

“போகட்டும். அவன் அவுட் இல்ல.” வெர்னா இருக்கையைவிட்டு எழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஹால்வர்சனே மூச்சிரைக்கப் படியேறி வந்தார். “நான் பத்தடியில நின்னு பார்த்தேன். இந்த உச்சியில உட்கார்ந்து நீ என்னத்தைம்மா பார்த்தே?”

“ஒண்ணும் பார்க்கல. முதல் பேஸ் மைக் என் காதுல இருக்கு. கால் பட்ட சத்தம் முதல்ல, பந்து கிளவுஸ்ல விழுந்த சத்தம் அப்புறம். ‘கண்ணு காலுல, காது கிளவுஸ்ல’ன்னுதானே நடுவருங்களுக்கே பாடம்?”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஆர்கன் ஓரம் சாய்த்திருந்த வெள்ளைக்கோலை வெர்னா தடவி எடுத்தாள்.

“வழி விடுங்க. நாளைக்கும் வாசிப்பேன். எனக்குப் பிறவியிலேயே கண்ணில்ல. உங்களுக்குக் காதுமா இல்ல?”