உருண்டுபோன எல்லைக்கல்

கடலோர நகராட்சியின் எல்லைக்கல்லுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. "டச்சுக்காரன் வந்தான், போனான். புயல் வந்துச்சு, போச்சு. நான் அசைஞ்சேனா? ஊரே என்கிட்டதான் முடியுது!" என்று பக்கத்து வளை நண்டிடம் தினமும் அளக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு ராட்சத அலை வந்து கல்லைப் பெயர்த்துக் கடலுக்குள் உருட்டியது.

"ஐயோ அண்ணே, விழுந்துட்டீங்களே!" என்று நண்டு பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

"யாரு விழுந்தா? ஊர் வளருதுடா!" என்று குட்டிக்கரணம் போட்டபடியே கத்தியது கல். அதற்குத் தலைகால் புரியவில்லை. கடலடியில் போய் நின்றதும் மீன்களையெல்லாம் கூப்பிட்டு, "இன்னிலேர்ந்து நீங்க நம்ம நகராட்சி!" என்று அறிவித்தது.

சாளை மீன் ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. "அப்ப எங்க தெருவுக்கு எப்பங்க தண்ணி விடுவீங்க?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றது கல், கொஞ்சமும் கூசாமல்.