தூக்கிய கால்

வீட்டு சர்வரில் இருக்கும் எல்லாப் படங்களும் ஓடுகின்றன. சியாமளாவின் நடன வீடியோ மட்டும் பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. தூக்கிய வலது கால் டிவியில் அப்படியே உறைந்திருக்கும். சலங்கை சின்னச் சின்னச் சதுரங்களாகச் சிதறியிருக்கும். "டிவிக்கு ஏத்த மாதிரி மாத்தும்போது எர்ரர் அடிக்குது, சரி பண்ணிடலாம்" என்பார் கணவர் புருஷோத்தமன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாகக் கேபிளை மாற்றினார், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினார், எர்ரர் பட்டியலை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அதில் படிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். கிரிக்கெட் ஆட்டங்களைச் சேமிக்க இடம் போதாமல் அந்த வீடியோவைச் சுருக்கி நகலெடுத்தவர், நகல் முழுதாக வந்ததா என்று பார்க்காமலே அசலை அழித்திருந்தார்.

ஒன்பதாவது ஞாயிறு அவர் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தபோது சியாமளா சொன்னாள்: "அசல நீங்க அழிச்சிட்டீங்கன்னு எனக்கு மொத வாரமே தெரியும்."

அவர் சர்வரின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார்.

"அது போகட்டும். பொண்ணு பாக்கன்னு இந்த வீடியோல இருக்குற டான்ஸுக்கு வந்த அன்னைக்கு மொத வரிசையிலதான உக்காந்திருந்தீங்க? நான் கடைசியா ஆடுனதும் அதுதான். தூக்குன கால எங்க வச்சேன்? அத மட்டும் சொல்லுங்க."

புருஷோத்தமன் சர்வரை அணைத்து, மறுபடியும் போட்டார்.